ஆப்பு இல்லாத கோடாலி

தமிழில் டோமஹாக் என்று தேடினால் ஏவுகணைதான் வந்து நிற்கும். 1991 வளைகுடாப் போரிலிருந்து செய்தித்தாளில் படித்துப் படித்து நமக்கெல்லாம் அந்தப் பெயர் கப்பலிலிருந்து கிளம்பிப் போகிற ஒன்றாகவே பதிந்துவிட்டது. ஏவுகணைக்கு அந்தப் பெயரை எடுத்தது ஒரு சின்னக் கைக்கோடாலியிடமிருந்து. 1600-களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் வந்து இறங்கிய ஆங்கிலேயர்கள் அங்கிருந்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்களின் பேச்சிலிருந்து காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட சொல் அது. வெட்டுவதற்கான கருவி என்கிற அளவில்தான் பொருள்.

நான் மூன்று வருடமாக இந்தக் கோடாலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இரும்புத் தலையைச் செய்வதில்லை, அதற்குப் பட்டறையும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. காம்பு மட்டும்தான். 200 வருடம் முன்பு எப்படிப் போட்டிருப்பார்களோ அப்படிக் காம்பு போட்டுப் பார்ப்பது. ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். சரி, சிரிக்கட்டும்.

ஆரம்பம் ஆல்பனியில், நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில். 2018-ல் அங்கே ஒரு டோமஹாக்கைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1792-ல் ஜார்ஜ் வாஷிங்டன் செனெகா என்ற பழங்குடியின் தலைவர் கார்ன்பிளான்டருக்குக் கொடுத்தது. வெட்டுவாய்க்கு எதிர்ப்பக்கம், நம்மூர்க் கோடாலியில் மொட்டையாக இருக்கும் இடத்தில், புகையிலை வைக்க ஒரு சின்னக் கிண்ணம். காம்புக்குள் துளை. ஒரு முனையில் கோடாலி, மறு முனையில் வாய் வைத்து இழுக்கும் புகைக்குழல். சண்டையா சமாதானமா, இரண்டும் ஒரே பொருளில். கொடுத்தவர் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1779-ல் வாஷிங்டன் அனுப்பிய படை செனெகா ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்து நாசம் செய்தது. அதனால் அவருக்கு அந்த மக்கள் மத்தியில் இருந்த பெயர் 'ஊரை அழிப்பவர்'. அவர் முகத்துக்கு நேராகவே கார்ன்பிளான்டர் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறார். அப்படிப்பட்டவர் கையிலிருந்து வந்த பரிசு இது.

அருங்காட்சியகத்திலிருந்தே 1947-க்கும் 1950-க்கும் நடுவில் அது களவு போய்விட்டது. கிட்டத்தட்ட 70 வருடம் கழித்து யாரோ பெயர் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்தது. எனக்கு அதில் கண் போனது காம்பின் மேல்.

ஏனென்றால் அந்தக் காம்பு 1792-ஐச் சேர்ந்தது இல்லை. 1850 வாக்கில் ஈலி பார்க்கர் என்ற இளைஞர் ஒரு செனெகா விதவையிடமிருந்து இந்தக் கோடாலியை வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இவரும் செனெகாதான். பின்னாளில், 1865-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அப்போமாட்டக்ஸ் என்ற ஊரில் தென்மாநிலப் படை சரணடைந்தபோது சரணாகதி நிபந்தனைகளின் இறுதிப் படியைக் கைப்பட எழுதியவர். அவர் கைக்கு வந்தபோது பழைய காம்பு இல்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று தான் நினைத்தபடி, அலையலையாக வரியோடும் மேப்பிள் கட்டையில் வெள்ளிப் பட்டைகள் போட்டுப் புதுக் காம்பு ஒன்றைச் செய்ய வைத்தார். ஆக, நாங்கள் அன்று கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததில் பாதி 18-ஆம் நூற்றாண்டு, பாதி 22 வயதுப் பையன் ஒருவனின் ஊகம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகும் இதுவே ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு நிற்கிறது, மரம் போய்விடுகிறது. உடைகிறது, உளுக்கிறது, அடுப்புக்குப் போகிறது. 2006-ல் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன் கண்டியூரில் ஒரு கற்கோடாலி கிடைத்ததே, அதன் மேலிருந்த குறிகளைப் பற்றி எவ்வளவு எழுதினார்கள். அதற்கும் ஒரு காலத்தில் காம்பு என்று ஒன்று இருந்திருக்கும், அதை ஒருவர் உட்கார்ந்து செதுக்கியிருப்பார். மண்ணில் மிஞ்சியது கல் மட்டும். நம் மொழியிலும் காம்புக்கு நல்ல பெயர் கிடையாது. 'கோடாலிக் காம்பு குலத்துக்கு ஈனம்' என்று பழமொழியே இருக்கிறது, அரசியல் மேடையில் கட்சி மாறியவனைத் திட்டத்தான் அந்தச் சொல் பயன்படுகிறது. தன் இனத்தையே வெட்ட உதவுகிற மரத்துண்டு. பாவம், அது என்ன செய்யும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

தலையை வார இறுதிச் சந்தை ஒன்றில் ஒரு கொல்லரிடம் வாங்கினேன். எப்படிச் செய்கிறார் என்பதை அவர் பட்டறையில் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். பட்டையான இரும்புத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, நடுவில் ஓர் இரும்பு முளையை வைத்து, புத்தகத்தை மூடுவது போல இரண்டாக மடிக்கிறார். மடிந்த இடம் காம்புக்கான துளை. இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் நடுவே ஒரு எஃகுத் துண்டைச் செருகி, மறுபடி உலையில் வைத்து, பொறி பறக்கும் சூட்டில் அடித்து ஒட்ட வைக்கிறார். எஃகு அந்தக் காலத்தில் விலை கூடிய பொருள், அதனால் வெட்டுவாயில் மட்டும் எஃகு, மற்ற இடமெல்லாம் சாதா இரும்பு. பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் தோலுக்கு மாற்றாகப் படகு படகாக அங்கே கொண்டுபோய் இறக்கிய கோடாலிகளும் பெரும்பாலும் இந்த மடிப்பு வேலைதான். டோமஹாக் என்றால் பழங்குடி மக்களே அடித்துச் செய்தது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களிலும் கொல்லர்கள் இருந்தார்கள், ஆனால் இரும்புத் தலைகளில் ஏராளமானவை ஐரோப்பியப் பட்டறைகளிலும் குடியேறிகளின் பட்டறைகளிலும் செய்தவை. என்ன வடிவம் வேண்டும் என்று சொன்னவர்கள் வாங்கியவர்கள்.

அதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1804-05 குளிர்காலத்தில், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் தங்கள் குழுவோடு மிசூரி ஆற்றங்கரையில், மாண்டன் மக்களின் ஊர்களுக்கு அருகில் கோட்டை கட்டித் தங்கியிருந்தார்கள். தின்னச் சோளம் வேண்டும். குழுவிலிருந்த ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் உலையை மூட்டிப் போர்க் கோடாலி அடிக்க ஆரம்பித்தார், சோளம் வந்தது. எரிந்து ஓட்டையான பழைய அடுப்பின் தகட்டைக்கூட வெட்டி விற்றார்கள். நாலு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றுக்கு 7, 8 காலன் சோளம்! லூயிஸுக்கு அந்தக் கோடாலியின் அமைப்பே பிடிக்கவில்லை. 1805 பிப்ரவரி 5-ஆம் தேதிக் குறிப்பில் புலம்பியிருக்கிறார்: வாய் இவ்வளவு நீளம், காம்போ 14 அங்குலத்துக்கு மேல் போவதில்லை, எல்லாம் சேர்ந்து ஒரு பவுண்டு எடை, இதை வைத்து ஓங்கி அடிக்க முடியுமா, அதுவும் குதிரை மேலிருந்து என்கிற மாதிரி. எனக்கு அதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். காசு கொடுத்து (அதாவது சோளம் கொடுத்து) வாங்குகிறவனுக்குத் தெரியாதா தனக்கு எந்த நீளத்தில் காம்பு வேண்டுமென்று?

இப்போது விஷயம். நம்மூர்த் தச்சுப் பட்டறையில் பார்க்கும் சுத்தியலுக்கும் இங்கே அமெரிக்காவில் கடையில் தொங்கும் விறகுக் கோடாலிக்கும் காம்பு கீழிருந்து தலைக்குள் போகும். மேலே வந்து எட்டிப்பார்க்கும் முனையைப் பிளந்து ஆப்பு அடிப்பார்கள். ஆப்பு விரிந்து தலையைப் பிடித்துக்கொள்ளும். டோமஹாக்கில் ஆப்பு கிடையாது. காம்பு மேலே தடியாக, கீழே வரவர ஒல்லியாக இருக்கும். ஒல்லி முனையைத் துளையின் மேல்வாயில் விட்டுக் கீழே இழுத்தால், தலை காம்பின் மேலேறி, தடித்த இடத்தில் போய் இறுகி நின்றுவிடும். துளையும் மேலே அகலமாகவும் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுகலாகவும் இருக்கும். வீசும் வேகத்தில் தலை வெளிப்பக்கம் போகத்தான் பார்க்கும், அதாவது இன்னும் இறுகும்.

இதை நான் அப்பாவுக்கு வீடியோ காலில் விளக்கிக்கொண்டிருந்தேன். வரைபடமெல்லாம் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆப்பு அடிக்க மாட்டாங்களா?" என்றார்.

"இல்லப்பா, தானாவே இறுகிக்கும்."

"பிக்காசு மாதிரின்னு சொல்லேன்டா. அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?"

அவ்வளவுதான். பிக்காசுதான். வயலில் கல் பெயர்க்கிற அதே பிக்காசுக்குக் காம்பு போடுகிற முறை. நான் இரண்டு மாதம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

கட்டை கிடைத்த கதை கொஞ்சம் சோகமானது. அமெரிக்காவில் கைக்கருவிக் காம்பு என்றால் ஹிக்கரி, அல்லது வெள்ளை ஆஷ். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு, 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2009-ல் நியூயார்க் மாநிலத்தில், பட்டைக்கடியில் புகுந்து ஆஷ் மரங்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு வருகிறது. கோடிக்கணக்கில் போய்விட்டன. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பின்கட்டில் நின்ற ஆஷும் அப்படித்தான் பட்டுப்போனது. வெட்டியபோது, "உனக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்" என்றார். பட்டையை உரித்தால் உள்ளே வண்டுப் புழு அரித்த தடம், கோலம் போடத் தெரியாத குழந்தை சாக்பீஸால் கிறுக்கினது மாதிரி வளைந்து வளைந்து போகிறது. அரிப்பு பட்டைக்கடியோடு சரி, உள்ளே கட்டை சுத்தமாக இருந்தது.

அறுக்கக்கூடாது, பிளக்க வேண்டும். இது தாத்தா சொன்னது. ரம்பம் தன் போக்கில் நேராகப் போகும், மரத்தின் நார் அதன் போக்கில் வளைந்து போகும், அறுத்த காம்பில் எங்கேயாவது ஓரிடத்தில் நார் பக்கவாட்டில் வெளியேறும், சரியாக அங்கேதான் ஒருநாள் ஒடியும். பிளந்தால் நாரின் வழியிலேயே விரியும். காம்பில் ஆப்பு இல்லை என்றேன், ஆனால் கட்டையைப் பிளக்க நாலு ஆப்பு தேவைப்பட்டது. ஆஷ் பிளவுபடும் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முதலில் ஒன்றும் நடக்காது, அடி அடியென்று அடித்துக் கை மரத்துப்போன பிறகு, படாரென்று ஒரு சத்தம், நுனியிலிருந்து அடிவரை நேர்கோடாக விரிசல்.

அப்புறம் காலால் மிதித்துக் கட்டையைப் பிடிக்கிற மரக்குதிரையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் நம்மை நோக்கி இழுத்து இழுத்துச் சீவுவது. 48 செ.மீ. நீளம் வைத்தேன். கத்தி முடிந்ததும் அரம், அரம் முடிந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லு. சில்லால் சுரண்டினால் முடி மாதிரி மெல்லிய சுருள் வரும், உப்புத்தாள் இந்த வழவழப்பைத் தராது.

கடைசியாகப் பொருத்துவது. நேரத்தை முழுதாகத் தின்பது இந்த வேலைதான். துளைக்குள் விளக்குக் கரியைப் பூசி, காம்பை விட்டு ஒரு தட்டு தட்டி, வெளியே எடுத்துப் பார்த்தால் எங்கெல்லாம் இரும்பு மரத்தைத் தொடுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி விடு, தட்டு, எடு, பார். முதல்முறை மூன்றே மூன்று புள்ளிகள். அதாவது மூன்று புள்ளியில் நின்றுகொண்டு 'ஆகா, இறுகிவிட்டது' என்று என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. இருபது முப்பது தடவைக்குப் பிறகு நாலு பக்கமும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறம் வந்தது. என் கோடாலித் தலையின் துளை நீர்த்துளி வடிவம், முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் உருண்டை. அந்த வடிவத்தைக் காம்பு நெடுக இறக்கிக்கொண்டு வந்தால், இருட்டில் கையிலெடுத்தாலும் வாய் எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்குத் தெரியும். காம்பின் பாதி வடிவத்தைத் துளையே சொல்லிவிடுகிறது. பார்க்கரின் ஊகம் முழுக்க ஊகமில்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவர் கையிலும் துளை இருந்ததே.

இறுக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது, பழக்கமில்லாதவர்கள் தலைகீழாகச் செய்வார்கள், நானும் செய்தேன். சாதாரணச் சுத்தியல் ஆடினால் காம்பின் அடியைத் தரையில் தட்டுவோம், தலை இறங்கி இறுகும். டோமஹாக்கை அப்படித் தட்டினால் கழன்று கைக்கு வந்துவிடும். இதைக் கவிழ்த்துப் பிடித்து, மேல்முனையை மரக்கட்டையில் குத்த வேண்டும். காம்பு நின்றுவிடும், தலை மட்டும் இன்னும் கொஞ்சம் போய்த் தடித்த இடத்தில் உட்காரும்.

ஆகஸ்டில் பாறை மாதிரி இறுகியிருந்தது. ஜனவரியில், வெளியே பனி, வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டு கிடந்த ஒருநாள், சுவரில் மாட்டியிருந்ததை எடுத்து ஆட்டினேன். தலை சறுக்கிக்கொண்டு கீழே வந்து ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது. தையல் போடும் அளவுக்கு இல்லை, ஆனால் மனைவியிடம் பதில் சொல்லும் அளவுக்கு ரத்தம். ஆப்பு அடித்த கோடாலி கழன்றால் எதிரே நிற்பவன் மண்டைக்குப் பறக்கும். இது கழன்றால் போட்டவன் விரலுக்குத்தான் வரும், நியாயமான கருவி. அப்பா தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார், மண்வெட்டிக்கு அவர் செய்வது அதுதான். ஊறினால் உப்பும், உண்மை, ஆனால் இரும்பு விடாமல் நெருக்கும்போது உப்பிய நார் தன்னையே நசுக்கிக்கொள்ளும், காய்ந்தால் முன்பைவிடச் சிறுத்துவிடும். அவருக்கு மறுநாள் காலை மறுபடி வாய்க்கால் தண்ணீர் இருக்கிறது, எனக்கு இல்லை. நான் ஒரு மெல்லிய தோல் துண்டைத் துளைக்குள் சுற்றி வைத்து ஏற்றினேன். நின்றது. கட்டை சரியாகக் காயாமல் அவசரப்பட்டதுதான் என் தப்பு. அடுத்ததை ஒரு வருடம் கொட்டகையில் போட்டுவைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

இரண்டாவது காம்புக்கு எண்ணெய் போட்டபோது இன்னொரு பாடம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். எனக்குப் புகை வந்ததோடு போயிற்று.

இதெல்லாம் முடிந்த தைரியத்தில் கல்லுக்குப் போனேன். இரும்பு வருவதற்கு முன் பல ஆயிரம் வருடம் அந்தக் கண்டத்தில் கல்தான். ஒருவகைக் கல்லில் இடுப்பைச் சுற்றிப் பள்ளம் கொத்தியிருப்பார்கள், ஹிக்கரிக் கொம்பைச் சூட்டில் வளைத்துப் பள்ளத்தைச் சுற்றிக் கட்டுவது. இன்னொரு வகையில் பள்ளம் கிடையாது, தடித்த கட்டையில் துளை போட்டு வழவழப்பான கல்லை அதில் சொருகுவது. கட்டுவதற்குப் பதனிடாத பச்சைத் தோல். நனைந்தால் சேமியா மாதிரி வளையும், காய்ந்தால் சுருங்கி எலும்பு மாதிரி இறுகும். எனக்கு மான் தோல் கிடைக்கவில்லை. நாய் கடிப்பதற்கு முடிச்சுப் போட்டு விற்கிறார்களே, அதுவும் பச்சைத் தோல்தான். இரண்டு நாள் வாளியில் ஊறவைத்துப் பிரித்து, சுற்றிச் சுற்றி நாடாவாக வெட்டினேன். பக்கத்து வீட்டு நாய் வேலி ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் செய்தது துளை வகை. கல் துளையில் அசையவே கூடாது என்று நாலு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற மாதிரி செதுக்கினேன், இரும்பில் கற்றதை அப்படியே கல்லுக்கும் போட்டேன். மூன்றாவது அடியில் கட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. நாருக்கு முதுகு காட்டி யோசித்திருக்கிறேன். கல் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் நகர்ந்து துளையில் இன்னும் ஏறும். பக்கவாட்டில் முட்டினால் நாரை விலக்கும், அதாவது கல்லே ஆப்பாகிவிடும். மேலும் கீழும் முட்டினால் அந்த அழுத்தம் நாரின் நீளத்தில் போய்விடும், மரம் தாங்கும். ஆக மேலே கீழே மட்டும் தொட வேண்டும், பக்கங்களில் ஒரு தாள் நுழையும் இடைவெளி விட வேண்டும். அடுத்த கட்டையில் அப்படிச் செய்தேன். மணிக்கட்டுப் பருமனுள்ள மேப்பிள் கன்று ஒன்றை அதால் வெட்டினேன், வெட்டினேன் என்பதைவிடக் கடித்துத் துப்பினேன் எனலாம், ஆனால் விழுந்தது.

இப்போது கையில் இருப்பது புகைக்குழல் காம்பு. ஆஷ் கிளையின் நடுவில் பென்சில் ஈயம் மாதிரி ஒரு மெத்தென்ற சோறு ஓடும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன் வழியே சுட்டுக்கொண்டே போனால் துளை ஆகிவிடும், அப்புறம் மேல்முனையை அடைத்துவிட்டு, கிண்ணத்தின் அடித்துளைக்கு நேராகக் காம்பில் ஒரு ஓட்டை. சொல்ல எளிது. கம்பியைக் காய்ச்சிச் செருகினால் உஸ்ஸென்று புகை, இரண்டு விரல்கடை போகும், ஆறிவிடும், மறுபடி அடுப்பு. முதல் கிளையில் 20 செ.மீ. போய்க் கம்பி சோற்றை விட்டு விலகிப் பக்கவாட்டில் எட்டிப்பார்த்தது. இரண்டாவதில் 31. நான் சிகரெட்டே பிடிப்பதில்லை, இருந்தாலும் ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் காற்று வந்தாக வேண்டும்.

மூன்றாவது கிளை கொட்டகையில் காய்கிறது. போன ஞாயிறு அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூணு வருஷமா?"

"ஆமாம்பா."

"ஊருக்கு வரப்ப ஒண்ணு கொண்டாடா. நம்ம பிக்காசுக் காம்பு ஒடிஞ்சு கிடக்கு."